திட்டாத ஸ்பீக்கர்

மார்க் போடுவதுதான் அவருடைய வேலை. பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில் நாங்கள் வேலை பார்த்த கால் சென்டரில் போனில் பேசுகிறவர்கள் நாங்கள். நாங்கள் பேசியதை ரிக்கார்டில் திருப்பிப் போட்டுக் கேட்டு, நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போடுகிறவர் அவர். கடல் தாண்டி எங்கோ உட்கார்ந்திருப்பவன், கிரெடிட் கார்டு பில் அதிகமாக வந்துவிட்டதென்று எங்களை வாய்க்கு வந்தபடி திட்டுவான். நாங்கள் ஒருமுறை வாங்கிக் கட்டிக்கொள்வோம். அந்தத் திட்டை அவர் இரண்டு முறை, மூன்று முறை கேட்க வேண்டும். காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி, நாள் முழுக்க அடுத்தவர் வாங்கிய திட்டைக் கேட்பதும் ஒரு பிழைப்பா என்று நான் நினைத்ததுண்டு. பெயர் வேண்டாம். மேனேஜர் உட்பட எல்லோருக்கும் அவர் அக்காதான்.

நான் சேர்ந்த புதிதில் எனக்குப் பூஜ்யம் போட்டார். நான் திருவண்ணாமலைக்காரி. வாய் நீளம், பொறுமை குறைவு. ஒருவன் என் உச்சரிப்பைக் கிண்டல் செய்துகொண்டே இருந்தான். "போய்யா அப்பால" என்று சுத்தத் தமிழில் சொல்லி லைனைத் துண்டித்துவிட்டேன். அதற்குத்தான் பூஜ்யம். நேராக அவர் மேஜைக்குப் போய் நின்றேன். அவன் பேசியதெல்லாம் உங்கள் காதில் விழவில்லையா, உங்களுக்கு மனசாட்சி என்று ஒன்று இருக்கிறதா இல்லையா என்று ஆரம்பித்து, மனதில் இருந்ததையெல்லாம் கொட்டினேன். அவர் ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு, நான் மூச்சு வாங்கி நிற்கும் வரை கேட்டார்.

"பூஜ்யம் நீ பேசின போனுக்கு. உனக்கு மார்க் போட நான் யாரு? வா, சாப்பாடு ஆறுது."

அப்படியே கேன்டீனுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். பூஜ்யம் பூஜ்யமாகவே இருந்தது. ஒரு மார்க்கூட ஏற்றவில்லை. ஆனால் தன் டப்பாவில் இருந்த மீன் வறுவலில் பெரிய துண்டை எடுத்து என் தட்டில் வைத்தார். சண்டையும் போட முடியாமல் நன்றியும் சொல்ல முடியாமல் நான் மீனைத் தின்றேன். மீன் நன்றாகத்தான் இருந்தது.

பிறகு என் ஹாஸ்டல் புலம்பலைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய், விவேக் நகரில் தன் வீட்டு மாடியில் காலியாகக் கிடந்த ஒற்றை அறையை எனக்கு வாடகைக்குப் பேசி விட்டார். குழந்தை இயேசு கோயிலுக்குப் போகிற தெருவில் இருந்து இரண்டு சந்து உள்ளே. அவர்கள் அப்பா கட்டிய வீடு. கீழே தம்பியின் குடும்பம். தெருவைப் பார்த்த முன்னறை மட்டும் அக்காவுடையது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்கிறவர்களிடம் "தோணல" என்பார். அதற்கு மேல் துருவினால், "உங்களுக்குத் தோணிச்சு, நீங்க பண்ணிக்கிட்டீங்க. நான் ஏதாச்சும் கேட்டேனா?" என்பார். இவ்வளவு சாதாரணமாக ஒருத்தி இதைச் சொல்லிவிட முடியுமா என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும். என் அம்மா அந்தச் சமயத்தில் வாரம் ஒரு ஜாதகம் அனுப்பிக்கொண்டிருந்தாள்.

தம்பிக்குப் பந்தல் தொழில். சாமியானா, நாற்காலி, மைக்செட் எல்லாம் வாடகைக்கு விடுவார். சுற்றுவட்டாரத்தில் தேர்த் திருவிழாவோ கல்யாண வரவேற்போ, அவருடைய ஸ்பீக்கர் பெட்டிகள்தான் முழங்கும். நல்ல மனிதர். அக்கா மேல் உயிர். ஆனால் சத்தம் என்கிற விஷயத்தில் தனக்கு மேல் யாரும் இல்லை என்ற நினைப்பு உண்டு. டிவி சத்தத்தைக்கூட அந்த வீட்டில் அவர்தான் வைப்பார்.

அந்த வருஷம் அக்கா காதில் ஏதோ இரைச்சல் என்று டாக்டரிடம் போனார். நான்தான் கூடப் போனேன். ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் அழுத்தச் சொன்னார்கள். வெளியில் நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் அழுத்திக்கொண்டே இருந்தவர், போகப் போகச் சும்மா உட்கார்ந்திருந்தார். சத்தம் நின்றுவிட்டது போல என்று நான் நினைத்தேன். நிற்கவில்லையாம். கீச்சென்ற மேல் ஒலிகள் அவருக்குக் கேட்கவில்லை. இன்னும் குறையலாம், எவ்வளவு வேகத்தில் என்று சொல்ல முடியாது, ஹெட்செட்டை மட்டும் விட்டுவிடுங்கள் என்றார் டாக்டர். அக்கா வெளியே வந்து, பக்கத்தில் நல்ல காபி எங்கே கிடைக்கும் என்று கேட்டார்.

அலுவலகத்தில் சண்டை போட்டு, புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற வேலைக்கு மாறிக்கொண்டார். கோயில் பாடகர் குழுவில் கதை வேறு மாதிரி போனது. பள்ளிக்கூட நாளில் இருந்து அங்கே இரண்டாம் குரல் பாடுகிறவர் அவர். முதல் குரல் மேலே போகும்போது, அதற்குக் கீழே ஓடுகிற இன்னொரு மெட்டு. ஊருக்கு அது தனியாகக் காதில் விழாது, இல்லாவிட்டால்தான் ஏதோ குறைகிறது என்று தெரியும். காது விஷயம் தெரிந்ததும் குழுவை நடத்துகிறவர் மிகவும் மரியாதையாக, சிஸ்டர் கொஞ்ச நாள் ஓய்வெடுக்கலாமே என்றாராம். அக்கா அடுத்த ஞாயிறு வழக்கமான இடத்தில் வழக்கமான புடவையில் போய் நின்று பாடிவிட்டு வந்தார். சுருதி விலகியதா என்று நான் கேட்டேன். "ஒரு எடத்துல விலகிச்சு. மத்தவங்களுக்கும் விலகும்" என்றார்.

அந்த வாரம்தான் நல்ல ஸ்பீக்கர் ஒரு ஜோடி வாங்கப் போவதாக வீட்டில் சொன்னார். ஆடம்பரமாக இல்லை. ஒரு மாதச் சம்பளத்துக்குள், கடன் வாங்காமல். தம்பிக்குத் தூக்கிவாரிப் போட்டது. காது போகிற நேரத்தில் யாராவது ஸ்பீக்கர் வாங்குவார்களா என்று கேட்டார். கேட்டுவிட்டு, கேட்டிருக்கக் கூடாது என்று அவருக்கே முகம் சுண்டிப்போனது. அக்கா கோபித்துக்கொள்ளவில்லை.

"போறதுக்கு முன்னாடிதாம்பா வாங்கணும். போனப்புறம் வாங்கி என்னா பண்றது? இருக்கிறது கொஞ்சம். காதுக்குள்ள போறது நல்லதா போகட்டும்."

தம்பிக்கு அடுத்த கவலை வந்தது. மைக்செட்காரன் வீட்டில் வெளியிலிருந்து ஸ்பீக்கர் வாங்கினால் தெரு சிரிக்காதா? மறுநாளே கிடங்கில் இருந்ததில் ஆகச் சிறந்த பெட்டியைத் துடைத்து, ஆள் வைத்துத் தூக்கி வந்து முன்னறையில் இறக்கிவிட்டார். என் நெஞ்சு உயரம் இருந்தது. அக்கா மரியாதையாக ஒரு பாட்டு முழுக்கக் கேட்டார். ஜன்னல் கம்பி அதிர்ந்தது. எதிர் வீட்டு அம்மாள் யாருக்குக் கல்யாணம் என்று எட்டிப் பார்த்தார். பாட்டு முடிந்ததும் அக்கா தம்பியின் முதுகைத் தட்டிக்கொடுத்து, இது ஊருக்குப் பேசுகிற பெட்டி, எனக்குப் பேசுகிற பெட்டி வேண்டும் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். தம்பி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

பிறகு கடை கடையாக ஏற ஆரம்பித்தோம். நான் ஏன் கூடப் போனேன் என்றால், சும்மா இருக்க முடியாமல்தான். எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நெருக்கியடிக்கிற எஸ்.பி. ரோட்டில் ஆரம்பித்து, பெரிய மால்கள் வரை போனோம். எல்லாக் கடையிலும் ஒரே கூத்து. இரண்டு பெண்கள் உள்ளே நுழைந்தால், பின்னால் ஆண் யாராவது வருகிறாரா என்று வாசலைப் பார்ப்பார்கள். யாரும் வரவில்லை என்று உறுதியானதும், கலர் லைட் எரிகிற பெட்டியைக் காட்டுவார்கள். வேண்டாம் என்றால், அடுத்ததை எடுத்து, சத்தத்தை ஏற்றி, மத்தளத்தால் மண்டையில் அடிப்பார்கள். எனக்கு அங்கேயே ரத்தம் கொதிக்கும். அக்கா நிதானமாகக் கைப்பையிலிருந்து தன் பென் டிரைவை எடுத்து நீட்டி, சத்தத்தைக் குறைத்துவிட்டு இதைப் போடுங்கள் என்பார்.

அதில் மூன்றே ஐட்டம். ஒரு பெண் தனியாகப் பாடியது. ஒரு நாகஸ்வரம். அவருடைய கோயில் குழு கிறிஸ்துமஸுக்குப் பாடியதை யாரோ பதிவு செய்தது. பெண் குரலில் 'ச' வருகிற இடத்தில் பெட்டி சீறக் கூடாது. நாகஸ்வரம் மேலே ஏறும்போது பல் கூசக் கூடாது. காது மந்தமானவருக்கு மேல் ஒலி கேட்காது என்றுதானே நான் நினைத்திருந்தேன்? அப்படியில்லையாம். மெதுவாக இருந்தால் கேட்காது, கொஞ்சம் உரத்தால் ஊசி மாதிரி குத்தும். அதனால் அவருக்கு வேண்டியது வழுவழுவென்று ஓடுகிற பெட்டி. பளபளப்பு வேண்டாம், அதிர்ச்சி வேண்டாம். "எனக்குத் திட்டாத ஸ்பீக்கர் வேணும்" என்று கடைக்காரப் பையன்களிடம் சொல்வார். அவர்கள் என்னைப் பார்ப்பார்கள். நான் அவர்களை முறைப்பேன்.

கடைசியில் அல்சூரில் ஏரிக்குப் போகிற வழியில், மாடிப்படி ஏறிப் போகிற ஒரு சின்னக் கடை கிடைத்தது. கடைக்காரர் நடுவயதுக்காரர், கன்னடக்காரர். தமிழ் தாராளமாகப் பேசுவார், நடுவில் கன்னடம் வந்து உட்காரும். அவரும் முதலில் விலை கூடிய ஒரு ஜோடியைத்தான் போட்டார். இதில் எல்லா நுணுக்கமும் கேட்கும் மேடம், பாடுகிறவர் மூச்சு விடுவதுகூடக் கேட்கும் என்று பெருமையாகச் சொன்னார். மூச்சு விடுவதைத்தான் இத்தனை வருஷம் ஹெட்செட்டில் கேட்டேன், இனிமேல் பாட்டைக் கேட்கிறேன் என்றார் அக்கா. கடைக்காரர் சிரித்துவிட்டார். சிரித்த கடைக்காரரை அன்றுதான் பார்த்தோம்.

அப்போது மார்கழிக் குளிர். பெங்களூரில் அந்த மாதம் தெருவெல்லாம் அவரைக்காய் வாசனையாக இருக்கும். அடுத்த சனிக்கிழமை அக்கா ஒரு காரியம் செய்தார். ஊறவைத்த அவரைக் கொட்டையை ஒரு பெரிய டப்பாவில் போட்டுக் கடைக்குக் கொண்டுவந்துவிட்டார். நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் ஒரு துண்டை விரித்து, பாட்டைப் போடச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு கொட்டையாகத் தோலைப் பிதுக்கிப் பருப்பைக் கிண்ணத்தில் போட ஆரம்பித்தார். பிதுக்குப் பருப்புக் குழம்புக்கு. கடைக்காரர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். எனக்கு மானம் போயிற்று.

அவர் கணக்கு இதுதான். பாட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் எந்தப் பெட்டியும் நன்றாக இருப்பதாகத்தான் தோன்றும். வீட்டில் யார் அப்படி உட்கார்ந்து கேட்கிறார்கள்? கை ஒரு வேலையில் இருக்க வேண்டும். டப்பா காலியாவதற்குள் எழுந்து சத்தத்தைக் குறைக்கலாம் என்று ஒரு தடவை தோன்றினாலும், அந்தப் பெட்டி பேடா. கன்னடத்தில் வேண்டாம் என்பதை அவர் அப்படித்தான் முடித்துச் சொல்வார். விலை கூடிய ஜோடி அரை டப்பாவில் பேடா ஆனது. இன்னொன்று கால் டப்பாவைத் தாண்டவில்லை. அந்தக் குளிர்காலம் முழுக்க எங்கள் வீட்டில் பிதுக்குப் பருப்புக் குழம்புதான். தம்பி மனைவி கையெடுத்துக் கும்பிட்டார். மூன்றாவது வாரம் கடைக்காரரே எதிரில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, பேச்சுவாக்கில் கொட்டை பிதுக்க ஆரம்பித்துவிட்டார்.

அன்றுதான் அவர் மூலையில் இருந்து ஒரு ஜோடியை எடுத்தார். பார்வைக்கு ஒன்றுமில்லை. மர நிறம், ஒரு அரிசி டின் அளவு. பழைய மாடல், யாரும் கேட்பதில்லை, விலையையும் குறைத்து வைத்திருக்கிறேன் என்றார். அக்கா பிதுக்க ஆரம்பித்தார். பெண் பாடி முடித்தாள். நாகஸ்வரம் முடிந்தது. கோயில் குழு பாடத் தொடங்கியபோது அவர் கை நின்றது. இதுவும் பேடாதான் என்று நான் எழுந்து செருப்பைத் தேடினேன். அக்கா என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"ரெண்டாங் குரல் கேக்குதுடி. தனியா கேக்குது."

கண் கலங்கியிருந்தது. அவரை நான் அப்படிப் பார்த்ததில்லை. இத்தனை கடைகளில் இத்தனை பெட்டிகளில் அந்தப் பாட்டைக் கேட்டிருக்கிறோம். எல்லாவற்றிலும் மேல் குரல்தான் பாய்ந்து வந்து நின்றது. இதில் அது கொஞ்சம் ஒதுங்கி, கீழே ஓடுகிற குரலுக்கு வழி விட்டது. அந்தக் கீழ்க் குரலில் அவர் இருந்தார். நானும் அழுதுவிட்டேன், ஒளிக்க என்ன இருக்கிறது.

வாங்குவதென்று முடிவானது. தம்பிதான் விடவில்லை. பணத்துக்காக இல்லை, அவருக்குப் பொறுக்கவில்லை. தன் பெட்டியை வேண்டாமென்று அனுப்பிவிட்டு, அரிசி டின் அளவுக்கு ஒன்றை அக்கா அழுதுகொண்டே தேர்ந்தெடுத்தது அவரை எங்கோ தைத்துவிட்டது. காது சரியில்லாதவர் சொல்வதை வைத்துக்கொண்டு கடைக்காரன் ஏமாற்றுகிறான் என்றார். அக்காவுக்கு வித்தியாசமே தெரியாது, எல்லாம் மனப்பிரமை என்றார். கடைசியில் ஒரு பந்தயம் வைத்தார். தன் பெட்டியையும் கடைப் பெட்டியையும் திரைக்குப் பின்னால் வைத்து, மாற்றி மாற்றிப் போடுவது. எது நல்லது என்று அக்கா சொல்ல வேண்டும். அக்கா கடைப் பெட்டியைச் சொல்லிவிட்டால் அவர் வாயைத் திறக்க மாட்டார். நான் வேண்டாம் என்று தலையால் அடித்துக்கொண்டேன். அக்கா சரி என்றுவிட்டார். பரீட்சைக்குப் பயந்தவர் இல்லை.

அந்தச் சனிக்கிழமை மதியம், கல்யாணத்துக்குப் போகிற மாதிரி அவருடைய பெரிய பெட்டி லக்கேஜ் ஆட்டோவில் அல்சூர் போய்ச் சேர்ந்தது. படியேற்றுவதற்குள் இரண்டு ஆட்களுக்கு முதுகு விட்டுப்போனது. பந்தல் துணியில் ஒரு சிவப்புத் திரை கட்டினார்கள். கடைக்காரருக்கு ஒரே குஷி, எல்லோருக்கும் டீ சொன்னார். அக்கா திரைக்கு இந்தப் பக்கம் நாற்காலியில். தம்பி அந்தப் பக்கம் ஒயரும் கையுமாக. எது பாடுகிறது என்று தெரிகிற இடத்தில், நான் ஓரமாக நின்றேன். ஒவ்வொரு பாட்டிலும் அரை நிமிஷம் இது, அரை நிமிஷம் அது.

பெண் குரல் வந்தது. முதலாவதா இரண்டாவதா என்று தம்பி கேட்டார். முதலாவது என்றார் அக்கா. முதலாவது தம்பியின் பெட்டி. நாகஸ்வரம் வந்தது. மறுபடியும் தம்பியின் பெட்டியைச் சொன்னார். மூன்றாவதாகக் கோயில் பாட்டு. இரண்டும் மாறி மாறி ஒலித்து முடிந்ததும் அவர் யோசித்தார். பெரிய பெட்டியைச் சொல்ல வாயெடுப்பதை நான் பார்த்தேன். தாங்காமல் லேசாக இருமினேன்.

"சளி புடிச்சிருந்தா வெளிய போய் நில்லு" என்றார், என் பக்கம் திரும்பாமலே.

நான் மாடிப்படிக்குப் போய் நின்றேன். அங்கிருந்தே கேட்டது. மூன்றாவது முறையும் தம்பியின் பெட்டி.

தம்பி திரையை விலக்கிக்கொண்டு வந்தார். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. முதல் பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி. அக்கா வாயாலேயே சொல்லிவிட்டார் பார்த்தீர்களா என்று கடைக்காரரிடம், டீக்காரரிடம், பெட்டி தூக்கி வந்தவர்களிடம் எல்லாம் சொன்னார். கடைக்காரர் தலையைச் சொறிந்தார். நான் உள்ளே வந்தேன். எனக்கு யாரையாவது அறைய வேண்டும் போல இருந்தது. அக்கா மட்டும் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார்.

"தோத்துட்டேன்பா. மூணுலயும் உன் பொட்டியத்தான் சொன்னேன்."

"அதானே யக்கா நானும் சொன்னேன். வா, வீட்டுக்கு எடுத்துட்டுப் போலாம்."

"போலாம்" என்றார் அக்கா. பிறகு கடைக்காரர் பக்கம் திரும்பி, மர நிற ஜோடியைக் காட்டினார். "அதைக் கட்டுங்க."

யாருக்கும் புரியவில்லை. உனக்குப் பிடித்தது என் பெட்டி என்று நீதானே சொன்னாய் என்றார் தம்பி. சொன்னேன் என்றார் அக்கா. அப்புறம் என்ன என்றார். அப்புறம் ஒன்றுமில்லை, எனக்கு இது வேண்டும் என்றார். குரல் உயரவில்லை, முகம் மாறவில்லை. கடைக்காரருக்கே மனசு கேட்காமல், மேடம், ஸ்வல்பம் யோசனை பண்ணிட்டு அடுத்த வாரம் வாங்க என்றார். யோசித்தாகிவிட்டது என்று அக்கா பணத்தை எடுத்து வைத்தார்.

தம்பி லக்கேஜ் ஆட்டோவில் முன்னால் போக, நாங்கள் இரண்டு பெட்டிகளையும் மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஒரு ஆட்டோவில் வந்தோம். என்னால் வாயை மூடிக்கொண்டு வர முடியவில்லை. அரை நிமிஷத்தில் என்ன தெரியும், நம் ஆபீசிலேயே முதல் அரை நிமிஷம் எல்லோரும் இனிக்க இனிக்கத்தானே பேசுகிறோம், டப்பா காலியாகும் வரை போட்டிருந்தால் தெரிந்திருக்கும், இதையெல்லாம் நீங்கள் அங்கேயே சொல்லியிருக்க வேண்டாமா என்று பொரிந்து தள்ளினேன். டிரினிட்டி சர்க்கிள் சிக்னலில் ஆட்டோ நின்றபோது அக்கா என் பக்கம் திரும்பினார்.

"அதெல்லாம் சப்பைக்கட்டுடி. தோத்தது தோத்ததுதான். ஆனா பாஸ் ஆனாத்தான் ஆசைப்படலாம்னு யாரு சொன்னா?"

இருபத்தாறு வயது வரை எதற்கெல்லாம் ஆசைப்பட்டிருக்கிறேன், எதற்கெல்லாம் தகுதி இல்லை என்று யாரோ சொன்னதும் சரி என்று கையை எடுத்துக்கொண்டிருக்கிறேன் என்று அந்த ஆட்டோவில் யோசித்துக்கொண்டே வந்தேன். மடியில் பெட்டி கனத்தது. அவ்வளவு சின்னப் பெட்டி அவ்வளவு கனம் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

முன்னறையில் பீரோவை ஒரு பக்கம் தள்ளி, சுவரில் ஒட்டாமல் இரண்டு ஸ்டூல்களின் மேல் வைத்தார். சாயங்காலத்தில் பாடும். அதன் முன்னால் உட்கார்ந்து தைப்பார், கீரை ஆய்வார், பயிற்சிக்கு வந்த பிள்ளைகளின் பேப்பர் திருத்துவார். எழுந்து போய்ச் சத்தத்தைக் குறைத்து நான் பார்த்ததில்லை. கோயில் பாட்டு வரும்போது மட்டும் உதடு அசையும்.

ஒரு மாதம் கழித்து ஒரு வேலையாக அல்சூர் போயிருந்தேன். கடைக்காரர் படியிலேயே பிடித்துக்கொண்டார். மேடம் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு, அன்று ஒரு தப்பு நடந்துவிட்டது என்றார். இரண்டு பெட்டிகளின் சத்தத்தையும் சமமாக வைக்கவே இல்லையாம். பெரிய பெட்டி கொஞ்சம் உரக்கப் பாடியிருக்கிறது. ஒரே பாட்டை இரண்டு பெட்டியில் மாற்றிப் போட்டால், சற்று உரக்கப் பாடுவதுதான் எந்தக் காதுக்கும் நன்றாக இருக்கும், எனக்கே வைத்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன், டீ சொன்ன குஷியில் பார்க்காமல் விட்டுவிட்டேன் என்றார். தம்பி வேண்டுமென்று செய்ததில்லை. அவர் கைக்கு அந்த அளவுதான் பழக்கம்.

நான் பஸ்ஸுக்குக்கூட நிற்கவில்லை. ஆட்டோ பிடித்து, வீட்டுக்குள் செருப்போடு ஓடினேன். அக்கா மொட்டைமாடியில் துணி மடித்துக்கொண்டிருந்தார். மூச்சிரைக்க எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் தோற்கவே இல்லை அக்கா, அந்தப் பரீட்சையே செல்லாது, இப்போதே போய் உங்கள் தம்பியிடம் சொல்கிறேன், தெருவில் நாலு பேர் முன்னால் சொல்கிறேன் என்று திரும்பினேன். துப்பட்டாவைப் பிடித்து இழுத்து நிறுத்திவிட்டார்.

"அவன்கிட்ட சொல்லாத. அப்புறம் நான் ஜெயிச்சதாலதான் வாங்கினேன்னு ஆயிடும்."

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அந்த வீட்டில் இருந்தேன். எனக்கு அந்த இரண்டு வருஷமும் நாக்கு அரித்துக்கொண்டே இருந்தது. சொந்தக்காரர் யார் வந்தாலும் தம்பி முன்னறை வாசலில் நின்று அந்தக் கதையைத்தான் எடுப்பார். திரை கட்டி வைத்தோம், கடைக்காரனே சாட்சி, எங்க அக்கா மூணு தடவையும் என் பெட்டியைத்தான் எடுத்தாங்க, வேணும்னா கேட்டுப் பாருங்க என்பார். வந்தவர்கள் உள்ளே எட்டி, ஸ்டூல் மேல் இருக்கிற அரிசி டின்களைப் பார்ப்பார்கள். அப்புறம் அக்காவைப் பார்ப்பார்கள்.

"ஆமா, அவன் பொட்டியத்தான் எடுத்தேன்" என்பார் அக்கா, கையில் இருக்கும் வேலையை நிறுத்தாமல். "உக்காருங்க, பாட்டு நல்லாயிருக்கு."